பாகின் செல்லோ சூட்கள்: தேர்வுக்கு எந்தப் பதிப்பை வாங்கலாம்?

இசைத் தேர்வுக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் தனி செல்லோ சூட் (நடன இசைத் தொகுப்பு) ஒன்றை வாசிக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் பழக ஆரம்பிக்கும் முன்பே புத்தகத்தை முடிவு செய்துவிடுங்கள். பாதியில் பதிப்பை மாற்றினால் கை பழகிய வில்லசைவு எல்லாம் குலைந்துபோகும்.

இவ்வளவு யோசிக்கக் காரணம் இருக்கிறது. தனி வயலினுக்கான சொனாட்டா, பார்ட்டீட்டாக்களுக்கு 1720-இல் பாக் கைப்பட எழுதிய பிரதியே கிடைத்திருக்கிறது. செல்லோ சூட்கள் ஆறுக்கும் அது இல்லை. இருப்பவை மனைவி அன்னா மக்தலேனா எடுத்த படி, ஆர்கன் கலைஞர் கெல்னர் எடுத்த படி, யார் கை என்று தெரியாத பிற்கால இரண்டு படிகள், அப்புறம் 1824 வாக்கில் பாரிஸில் வந்த முதல் அச்சு. ஸ்வரங்களில் இவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஸ்லர் (ஒரே வில்லசைவில் வாசிக்க வேண்டிய ஸ்வரங்களை இணைக்கும் வளைகோடு) விஷயத்தில்தான் ஆளுக்கொரு திசை. அன்னா மக்தலேனாவின் படியில் வளைகோடு எந்த ஸ்வரத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்பதே பல இடங்களில் தெளிவில்லை. முதல் சூட்டின் தொடக்கப் பகுதியான பிரெலூடை நான்கு பதிப்புகளில் பார்த்தால் வில்லைத் திருப்பும் இடம் வேறு வேறாக இருப்பது இதனால்தான்.

அதனால் அட்டையில் 'ஊர்டெக்ஸ்ட்' (மூலத்தை ஒட்டிய பதிப்பு) என்று இருப்பதோடு திருப்தி அடையாதீர்கள். பின்பக்கக் குறிப்புகளைப் புரட்டுங்கள். எந்த மூலத்தை ஏன் பின்பற்றினார், எங்கே விலகினார் என்று பதிப்பாசிரியர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் வைத்துவிடலாம்.

ஹென்லே பதிப்பகத்தில் ஏகோன் ஃபோஸ் பதிப்பு தேர்வுக்கு வசதி: விரல் குறிகளோடு ஒன்று, வெறுமையாக ஒன்று என இரண்டு பிரதிகள். பேரன்ரைட்டர் பதிப்பகத்தின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு மூலங்களின் நிழற்படிகளையே தனித்தனிப் புத்தகங்களாகத் தருகிறது. விலை அதிகம்தான், நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளில் செல்லோ கலைஞர் கிரூட்ஸ்மாகருடையதைப் போலக் கூடுதல் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) சேர்த்தவையும் உண்டு. கேட்டு ரசிக்கலாம், தேர்வுக்கு வேண்டாம்.

எந்தப் பதிப்பும் செல்லுமா, நகலெடுத்த தாளை அனுமதிப்பார்களா என்பதைப் பாடத்திட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது சூட் என்றால் இன்னொரு சோதனை. அதில் ஏ தந்தியை ஜி-க்கு இறக்கிச் சுருதி சேர்க்க வேண்டும்; அந்தத் தந்திக்குரிய ஸ்வரங்கள் ஒலிப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே எழுதப்பட்டிருக்கும். சில பதிப்புகள் வழக்கமான சுருதிக்கு மாற்றி அச்சிடுகின்றன. உங்கள் ஆசிரியர் எதில் சொல்லித்தரப் போகிறார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.