மிஷன் வீதியில் ஓர் ஆர்கன் சத்தம்

டிசம்பர் 8 புதுச்சேரி சம்பா கோயிலில் ஜென்மராக்கினி மாதா திருவிழா. கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் காலைப் பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள். உட்கார இடமில்லை. பாடற்குழுவுக்குப் பக்கத்தில் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். வருகைப் பாடலுக்கு முன் கீபோர்டு தம்பி ஒரு பட்டனை அழுத்தினார். குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கிற பைப் ஆர்கன்! ஸ்பீக்கரில் வரும் போலிச் சத்தம்தான். ஆனாலும் மனசு பாரிசுக்குப் போய்விட்டது.

2019 ஏப்ரல் 15 அன்று நோத்ரு தாம் மாதா கோயில் எரிந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்த பெரிய ஆர்கன் தீயில் தப்பித்தது. ஆனால் கூரையின் ஈயத் தகடுகள் உருகி, விஷத் தூசி குழாய்களிலெல்லாம் படிந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் கழற்றத் தொடங்கினார்கள். சுமார் 8,000 குழாய்கள்; பெரியது 32 அடி, சின்னது பென்சில் அளவு. குழாய்களை இறக்கி, வெளியூர்ப் பட்டறைகளில் துடைத்து, திரும்ப ஏற்றினார்கள். ஏற்றினால் முடிந்ததா? பட்டறையில் ஒரு மாதிரி பேசும் குழாய், கோயிலுக்குள் வேறு மாதிரி பேசும். கல்சுவரும் வளைவுகளும் சேர்ந்துதான் அதன் குரல். பகலில் கட்டட வேலை இரைச்சல் என்பதால், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மாதக்கணக்கில் சுருதி சேர்த்தார்கள்.

2024 டிசம்பர் 7 மாலை, திறப்பு வழிபாட்டில் பேராயர் லோரான் உல்ரிக் 'விழித்தெழு' என்று தொடங்கி ஆர்கனை எட்டு முறை அழைத்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் அது வாசித்துப் பதில் சொன்னது. தவிலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மறுநாள், நம் திருவிழா நாளிலேயே, அங்கே முதல் பூசை. அந்த வாரம் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் விட்டுப்போன சேற்றை வீட்டிலிருந்து வழித்துக்கொண்டிருந்ததால், அந்த வருஷம் எனக்கு இரண்டு கோயிலும் போனில்தான்.

சம்பா கோயிலும் லேசுப்பட்டதல்ல. 1693இல் டச்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று இடிபட்டு இடிபட்டு, இன்று நிற்பது 1791இல் கட்டி முடித்தது.

பூசை முடிந்ததும், காணிக்கைப் பாட்டுக்கு ஏன் ஆர்கன் டோனை மாற்றினீர்கள் என்று தம்பியிடம் கேட்டேன்.

"இங்க எதிரொலி ஜாஸ்திண்ணே. வேகப் பாட்டுக்கு அத வெச்சா வார்த்தையே புரியாது. கோயிலுக்கு எது ஒத்துவருதோ அதத்தான் வாசிக்கணும்."

பாரிசில் ராத்திரிக் கண் விழித்தவர்களும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றேன். "அவங்களுக்கு நேரம் இருந்துச்சுண்ணே" என்று சிரித்தவர், சாயங்காலத் தேர்பவனிக்காக ஸ்பீக்கர் வயரைக் கழற்றப் போய்விட்டார்.