அண்ணாவின் படிவம் ஜெனீவாவுக்குப் போனது

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டிக்குள் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. அதற்குள் அண்ணாவின் அடையாள அட்டைப் பிரதி, மூலை மடங்கிய ஒரு சின்னப் படம், 2009இல் போர் முடிந்த நாட்களில் அண்ணா காணாமலாக்கப்பட்ட பிறகு அம்மா ஏறி இறங்கிய இடங்களில் கொடுத்த கடிதங்களின் போட்டோக்கொப்பிகள். பதிவுத் துண்டுகள் மட்டும் பதினொன்று. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாரின் போராட்டம் தொடங்கியது. அம்மாவும் பிறகு அங்கே போய் இருக்கத் தொடங்கினார். அங்கேதான் ஒரு அக்கா, "ஜெனீவாவுக்கு நீங்களே எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை" என்று சொன்னார்.

அவர் சொன்னது வலிந்து காணாமலாக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழுவை. 1980இல் அமைக்கப்பட்டது, ஐந்து சுயாதீன நிபுணர்கள் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை. உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்கு முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இதே விடயத்துக்கு ஐ.நா.வில் வேறொரு குழுவும் இருக்கிறது, வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேசச் சாசனத்தின் கீழ் வருவது. நான் முதலில் அதற்குத்தான் எழுத வெளிக்கிட்டேன். இலங்கை அந்தச் சாசனத்தை ஏற்றது 2016இல். அது நடைமுறைக்கு வந்த பிறகு தொடங்கிய சம்பவங்களை மட்டுமே அந்தக் குழு பார்க்கும். எங்கள் 2009 அதற்குள் வராது. செயற்குழுவுக்கு அப்படி எல்லை இல்லை. இதை அறியவே எனக்கு இரண்டு கிழமை போனது.

படிவம் பெரிதில்லை. ஆனால் திகதி என்ற ஒரு கட்டத்தில் மூன்று நாள் நின்றோம். பழைய துண்டுகளை விரித்துப் பார்த்தால் ஒன்றில் மே 16, இன்னொன்றில் 17, மற்றதில் 18. அம்மா பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொருவர் கேட்டு, அவர்களே எழுதிக்கொண்டது அது. இராணுவத்தின் பக்கம் போக வட்டுவாகல் பாலம் கடந்த நாளா, அண்ணாவைப் பிரித்துக் கூட்டிப்போன நாளா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அம்மாவும் பின்னிருந்து முன்னுக்கு எண்ணினோம். முகாமில் தந்த அட்டையில் பதிந்த நாள் இருந்தது. அதற்கு முன் பேருந்துக்குள் ஓர் இரவு, வெளியில் தண்ணீர் இல்லாமல் ஓர் இரவு. "ஞாயிற்றுக்கிழமை. நான் விரதம், சோறு இல்லாதபடியால் அது ஒரு கதையில்லை எண்டு நினைச்சது ஞாபகம்" என்றார் அம்மா. 2009 மே 17 ஞாயிறு. அதையே எழுதினோம், பழைய துண்டுகளில் திகதி ஏன் மாறியிருக்கிறது என்று தனியாக ஒரு பந்தியும் சேர்த்தோம். மறைத்திருந்தால் பின்னர் அதுவே எங்களுக்கு எதிராக நின்றிருக்கும்.

பெயரும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. இரண்டையும் கொடுங்கள். யார் கொண்டுபோனது என்ற கேள்விக்குப் பெயர் தெரியாவிட்டால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: உடை, வாகனம், பேசிய மொழி, பக்கத்தில் நின்றவர்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுத வேண்டும். குடும்பம் அல்லாதவர் அனுப்புவதானால் குடும்பத்தின் சம்மதம் கட்டாயம். அனுப்புபவரின் விபரத்தை இரகசியமாக வைக்கும்படியும் கேட்கலாம். நாங்கள் கேட்டோம்.

இந்தச் செயற்குழு யாரையும் தண்டிக்காது, இழப்பீடும் வாங்கித் தராது. இதை அம்மாவுக்கு முதலே சொன்னேன், நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். அது செய்வது, அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று அரசிடம் கேட்பது. பதில் தெளிவாகும்வரை கோப்பை மூடாமல் வைத்திருப்பது. கடைசி மூன்று மாதத்துக்குள் நடந்ததென்றால் அவசர நடவடிக்கை. எங்களுடையது போன்ற பழைய முறைப்பாடுகளை வருடத்தில் மூன்று முறை கூடும் அமர்வுகளில் பார்ப்பார்கள்.

முக்கியமான ஒன்று. அரசு தெளிவான பதில் கொடுத்தால் அதை எங்களுக்கு அனுப்புவார்கள். ஆறு மாதத்துக்குள் நாங்கள் மறுப்புச் சொல்லாவிட்டால் விடயம் தெளிவாகிவிட்டது என்றே கணக்கு. வன்னியில் தொலைபேசி இலக்கம் எத்தனை தரம் மாறுகிறது, மின்னஞ்சல் யாருடையது என்று யோசியுங்கள். நான் என் மின்னஞ்சலோடு தங்கையினுடையதையும் கொடுத்தேன். இலக்கம் மாறியதும் உடனே எழுதி அறிவித்தேன்.

மின்னஞ்சலில் அனுப்பி, சில கேள்விகளுக்குப் பதில் எழுதி, கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அரசுக்கு அனுப்பிவிட்டோம் என்றும் ஒரு பதிவு இலக்கமும். அச்செடுத்துக் கொண்டுபோய் அம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் இலக்கத்தைக் கேட்கவில்லை.

"பேர் சரியா எழுதியிருக்கினமோ?"

விரலை வைத்துக் காட்டினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மா, அடையாள அட்டைப் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்.