துகு நெகாராவில் விழுந்து கிடப்பவன்

மகன் பள்ளிச் சுற்றுலாவில் துகு நெகாராவை, கோலாலம்பூரில் இருக்கும் தேசிய வீரர் நினைவுச் சின்னத்தை, படம் எடுத்து வந்திருக்கிறான். எல்லாரையும் போல அவனும் கொடி பிடித்த வீரனைத்தான் பெரிதாக எடுத்திருக்கிறான். என் கண் போவது காயம்பட்டுச் சரிந்தவனிடம். தோழன் ஒருவன் தாங்கிப் பிடித்திருக்கிறான். 1966இல் திறந்த 15 மீட்டர் வெண்கலச் சிலை. வடித்தவர் ஃபெலிக்ஸ் டி வெல்டன். அமெரிக்காவின் ஆர்லிங்டனில் இருக்கும், வீரர்கள் கொடி நாட்டும் இவோ ஜிமா போர் நினைவுச் சிலையும் அவருடையதுதான் (சாயல் தெரியாமலா போகும்!).

எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டதும் வந்தது அவசரகாலம். அரசாங்கப் படைக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் 12 வருடச் சண்டை. அதில் இறந்த வீரர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சிலை. பால்மரம் சீவப் போனவர்கள் இரண்டு பக்கத்துக்கும் பயந்தார்கள். அதையெல்லாம் வெண்கலத்தில் வார்ப்பது கஷ்டம்தான், சரி. ஆனால் விழுந்தவனைப் பெற்றவளுக்காவது அங்கே ஓர் ஓரம் கொடுத்திருக்கலாம்.