ஹப்புக்கு வெர்னியர், ரிம்முக்கு டேப்பு

சைக்கிளின் பின் வீலை நானே கோர்க்கிறேன் என்று இறங்கி மூன்று வாரம் ஆச்சு. இப்போதுதான் சுற்றுகிறது. நடுவில் ஒரு செட் ஸ்போக்ஸ் கம்பி தண்டம்.

ரிம் 36 ஓட்டை, 700சி சைஸ், டபுள் வால் (இரட்டைச் சுவர்). ஹப் (வீலின் நடு உருளை) கேசட், அதாவது பின் பல்சக்கரக் கொத்து, மாட்டுகிற வகை, நட்டுக்கு நட்டு 135 மி.மீ. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிஜிட்டல் வெர்னியர் அளவுகோல் கையில் இருந்த ஜோரில் ஹப்பை மூன்று ராத்திரி அளந்தேன். ஃபிளான்ஜில் (கம்பி கோர்க்கும் ஹப்பின் ஓர வட்டில்) எதிரெதிர் ஓட்டைகளுக்கு நடுவே, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு 42.4. ஓட்டையின் விட்டம் 2.6. கூட்டினால், ஓட்டைகளின் நடு வழியே போகும் துளை வட்டத்தின் விட்டம் 45. நட்டு முகத்திலிருந்து ஃபிளான்ஜ் நடுவுக்கு இடப்பக்கம் 33, செயின் பக்கம் 47. பாதி அகலமான 67.5இல் இவற்றைக் கழித்தால் 34.5, 20.5. கேசட்டுக்கு இடம் விட வேண்டுமே, அதனால்தான் இந்த ஓரவஞ்சனை. செயின் பக்கக் கம்பி ஒரு மி.மீ. சொச்சம் குட்டையாக இருக்கும்.

கணக்கு பள்ளிக்கூட முக்கோணம்தான். ஒரு ஃபிளான்ஜுக்கு 18 ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 20 டிகிரி. மூன்று கிராஸ், அதாவது ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்து மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும்படி, போட்டால் 60. காஸ் 60 அரை என்பதால் கால்குலேட்டரில் கோணமே தட்ட வேண்டாம். ரிம் ஆரம், துளை வட்ட ஆரம், அந்த 34.5 (செயின் பக்கத்துக்கு 20.5) மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, இரண்டு ஆரங்களின் பெருக்கலைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, ஓட்டையில் பாதி 1.3ஐக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ரிம்மை மட்டும் ஸ்டீல் டேப்பால், உள்சுவரிலிருந்து உள்சுவருக்கு, ஒரே ஒரு தடவை. 594. கம்பி 287, 286 என்று வந்தது. கடையில் இரட்டைப்படை நீளம்தான் இருந்தது. 288, 286 வாங்கிக் கோர்த்தேன்.

முறுக்க முறுக்க நிப்பிளுக்கு (கம்பியை ரிம்மில் இறுக்கும் குட்டி நட்டுக்கு) வெளியே நாலைந்து மரை தெரிந்துகொண்டே இருந்தது. சிவாஜிநகரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஹப் கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி. ரிம்மை எதுல அளந்தே?"

"டேப்புல, பாய்."

"நிப்பிள் தலை சுவத்துக்கு அந்தாண்ட உக்காருது. கம்பி அந்தத் தலைக்குள்ள வரைக்கும் போவணும். போவலைன்னா ஏதாவது ஒரு குழியில தலை தெறிச்சிடும்."

நான் வீணாக்கிய கம்பியிலேயே இரண்டை எடுத்து, வளைவை நறுக்கி, சரியாக 200 மி.மீ. ஆக்கினார். எதிரெதிர் ஓட்டையில் நிப்பிளோடு மாட்டி, கம்பி முனை நிப்பிளின் வெட்டுக்கு மட்டமாக வரும்வரை திருகி, இரண்டையும் உள்நோக்கி இழுத்துப் பிடித்தார். நடுவில் இடைவெளி 202. ஆக 602. இடம் மாற்றி இன்னும் இரண்டு தரம் பார்த்தார், அதேதான்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அளவாகத் தப்பாக்கிப் பார்த்தேன். ஃபிளான்ஜ் தூரம் 1 மி.மீ. பிசகினால் கம்பியில் 0.12கூட வரவில்லை. துளை வட்டம் 1 பிசகினால் 0.2 சொச்சம். ரிம் விட்டம் 1 பிசகினால் அரை மி.மீ.! 594க்கும் 602க்கும் நடுவே உள்ள அந்த 8தான் 4 மி.மீ.யைத் தின்றிருக்கிறது. மூன்று ராத்திரியை ஹப்புக்கு அழுதுவிட்டு, ரிம்முக்கு அரை நிமிஷம் கொடுத்திருக்கிறேன்.

புதுக் கணக்கில் 291.1, 289.8. இரண்டு பக்கமும் 290 போட்டுவிடச் சொன்னார் பாய். இடப்பக்கம் ஒரு மி.மீ. குறைந்தால் மோசமில்லையாம். நேற்று அல்சூர் ஏரியை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். முதல் சுற்றில் கம்பிகள் டிங், டிங் என்றன, முறுக்கு இளகுகிற சத்தம். வீல் பக்கவாட்டில் ஆடுகிற பெண்டு இன்னும் அரை மி.மீ. பாக்கி.

அடுத்து முன் வீல். 32 ஓட்டை, கோணம் 67.5, அதனால் கால்குலேட்டர் வேண்டும். கம்பி 295 வருகிறது, ஆகவே பழைய கம்பி அதற்கும் ஆகாது. மிச்சம் 34இல் ஆறு ஏற்கெனவே பால்கனித் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.