கட்டைவிரல் துளையும் முழங்கை வலியும்: பதினாறு வாரக் குறிப்பு

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர் போடுவதற்காகத் தண்ணீர் நிறைந்த கெட்டிலைத் தூக்கியபோது, வலக்கை முழங்கையின் வெளிப்புறத்தில், எலும்பு முட்டிக்கு ஒரு விரற்கடை கீழே, சுரீரென்று ஒரு வலி பாய்ந்தது. கெட்டிலை அப்படியே கீழே வைத்துவிட்டு இடக்கையால் தூக்கினேன். அன்று மாலை தரைத்துணியைப் பிழியும்போதும் அதே இடம், மறுநாள் அலுவலகத்தில் ஒருவரோடு கைகுலுக்கும்போதும் அதே இடம். முந்தைய நாள் சனிக்கிழமை மூன்று ஆட்டம் பௌலிங் ஆடியிருந்தேன் என்பதைத் தவிர, வேறு எதையும் காரணமாகச் சொல்ல முடியவில்லை.

இங்கே பௌலிங் என்று நான் குறிப்பிடுவது கிரிக்கெட் பந்துவீச்சை அன்று. 60 அடி தூரத்தில் முக்கோணமாக நிற்கும், போத்தல் வடிவக் கட்டைகளான பத்து பின்களை, கட்டைவிரலையும் நடு இரண்டு விரல்களையும் துளைகளில் நுழைத்துப் பிடிக்கும் பந்தை உருட்டிச் சாய்க்கும் ஆட்டத்தை. 2002ஆம் ஆண்டு புசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் சிங்கப்பூர் வீரர் ரெமி ஓங் மூன்று தங்கம் வென்றபோது நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். அன்று பிடித்த ஆசை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, மைத்துனனும் இரண்டு அலுவலக நண்பர்களும் சேர்ந்த பிறகுதான் சனிக்கிழமை வழக்கமாக மாறியது. தொடக்கத்தில் அரங்கில் இருக்கும் பொதுப் பந்துகளில் 11 பவுண்டுப் பந்தை எடுத்தேன். மற்றவர்கள் கனமான பந்தை உருட்டுவதைப் பார்த்து இரண்டே மாதத்தில் 14 பவுண்டுக்குப் போய்விட்டேன். அது 6.35 கிலோ. விதிப்படி அனுமதிக்கப்படும் உச்ச எடை 16 பவுண்டு, அதாவது 7.26 கிலோ. எங்களைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்கள் ஓர் ஆட்டத்தில் பதினெட்டு முறையாவது உருட்டுகிறோம் என்பதால், மூன்று ஆட்டம் முடியும்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை அந்த எடை ஒரே கையில் ஏறி இறங்கியிருக்கும்.

முதலில் நான் செய்தது நான்கு வார முழு ஓய்வு. இரவில் கோடாலித் தைலம் தேய்த்து மனைவி பிடித்துவிட்டாள். சூடும் மணமும் இதமாக இருந்தன, நன்றாகத் தூங்கினேன். நான்காம் வார இறுதியில் வலி ஏறக்குறைய மறைந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை அதே 14 பவுண்டுப் பந்தை எடுத்தேன். இரண்டாவது ஆட்டத்தின் நடுவிலேயே வலி திரும்பி வந்தது, முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே. ஓய்வு வலியைத் தணிக்கிறது, ஆனால் சுமையைத் தாங்கும் வலிமையை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குத் தருவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் அந்த எலும்பு முட்டியின் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, முஷ்டி பிடித்து, மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தச் சொல்லி, தம் கையால் அதைக் கீழே தள்ளினார். இரண்டிலும் வலித்தது. டென்னிஸ் எல்போ என்றார். பெயரில் டென்னிஸ் இருந்தாலும் சமையல், தச்சு, கணினி என்று கையை இறுக்கிச் செய்யும் எந்த வேலையாலும் இது வரக்கூடும் என்றும், பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே குணமாகிவிடுகிறது என்றும் விளக்கினார். ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி நானே கேட்டேன். முதல் சில வாரங்களுக்கு அது நன்றாகத் தணித்தாலும், ஓராண்டு கழித்துப் பார்க்கும்போது ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களின் நிலை பின்தங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன என்றார். ஊசி வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்து, பிசியோதெரபிக்குப் பரிந்துரை பெற்றுக்கொண்டேன்.

பந்தைப் பிடிப்பது விரல்களை மடக்கும் தசைகள். அவை முன்கையின் உட்புறத்தில் இருக்கின்றன. அப்படியிருக்க வெளிப்புறத்தில் வலிப்பது ஏன் என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு தண்ணீர்ப் போத்தலை என் கையில் கொடுத்து, மெல்லப் பிடிக்கவும் பிறகு இறுக்கவும் சொல்லி, மறுகையின் விரல்களை முன்கையின் மேற்புறத்தில் வைக்கச் சொன்னார். இறுக்கிய கணத்தில் மேற்புறத் தசை கயிறுபோல் விறைத்து எழுந்தது. விரல்களை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு மணிக்கட்டு உள்பக்கம் மடங்கப் பார்க்கும். அதை மடங்கவிடாமல் நிறுத்தி வைப்பது வெளிப்புறத் தசைகள். அவை எல்லாம் ஒன்றுகூடிப் பற்றியிருக்கும் இடம்தான் முழங்கையின் அந்தச் சிறு எலும்பு முட்டி. ஆகவே பந்தின் எடையைவிட, அதை நான் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறேன் என்பதே முக்கியம். இதைப் படிப்பவர்கள் ஒரு போத்தலை எடுத்துச் செய்து பார்த்தால் உடனே புரியும்.

பயிற்சி எளிமையானது, ஆனால் பொறுமையைக் கேட்பது. முதல் இரண்டு வாரம் முன்கையை மேசைமேல் வைத்து, 1 கிலோ எடையைப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் 45 விநாடி நிறுத்துதல். நாளுக்கு ஐந்து முறை. மூன்றாம் வாரத்திலிருந்து இடக்கையால் எடையை மேலே உயர்த்திவிட்டு, வலக்கையால் மட்டும் நான்கு எண்ணும் அளவுக்கு மெதுவாக இறக்குதல். பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும் என்பது மட்டுமே விதி. தினமும் காலை கெட்டிலைத் தூக்கி, வலிக்கு ஒரு மதிப்பெண் போட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன். பயிற்சியின் முதல் வாரம் 6, மூன்றாம் வாரம் 5, ஐந்தாம் வாரமும் 5. அந்த ஐந்தாம் வாரம் மனம் மிகவும் சோர்ந்தது. ஏழாம் வாரத்தில் அது 3 ஆனது. முழங்கைக்குக் கீழே கட்டும் பட்டையையும் அந்நாள்களில் பயன்படுத்தினேன். வீட்டு வேலையின்போது அது உதவியது, அவ்வளவே.

உண்மையான திருப்பம் எட்டாம் வாரத்தில் வந்தது. 10 பவுண்டுப் பந்தோடு ஓர் ஆட்டம் மட்டும் ஆட அனுமதி கிடைத்திருந்தது. மைத்துனன் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "விரல் விடவே மாட்டேங்குது அத்தான், கடைசி வரைக்கும் புடிச்சுக்கிட்டே போறீங்க" என்றான். அவன் கைப்பேசியில் எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். கை முன்னே வரும்போது கட்டைவிரல் துளையிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் உள்ளேயே இருந்தது. அதனால் பந்து தரையில் வழுக்கி இறங்காமல், சற்று உயரத்திலிருந்து தொம்மென்று விழுந்து இடப்பக்கம் ஓடியது. கட்டைவிரலின் நகம் அழுத்தத்தால் வெளுத்திருந்ததுகூட அந்தக் காணொளியில் தெரிந்தது.

பந்துக்குத் துளையிட்டுத் தரும் கடைக்கு அந்த வாரமே போனேன். கடைக்காரப் பெரியவர் என் கட்டைவிரலைப் பொதுப் பந்தின் துளையில் முழுவதும் நுழைக்கச் சொல்லி, நடு இரண்டு விரல்களையும் பந்தின்மேல் விரித்து வைத்துப் பார்த்தார். சாதாரணப் பிடியில், விரலின் இரண்டாம் கணுக்கோடு துளையின் உள்விளிம்பைக் கால் அங்குலம் அளவு தாண்டியிருக்க வேண்டும். எனக்கோ அந்தக் கோடு விளிம்பைத் தொடவே இல்லை. அதாவது துளைகளுக்கிடையே இருந்த தூரம் என் கைக்கு அதிகம். கட்டைவிரல் துளையோ தொளதொளவென்று இருந்தது. விரிந்த கையும் தளர்ந்த துளையும் சேர்ந்தால், பந்து நழுவிவிடும் என்ற அச்சத்தில் கை தன்னையறியாமல் இறுக்கத்தான் செய்யும். பொதுப் பந்துகளில் கனமானவற்றுக்குப் பெரும்பாலும் பெரிய துளைகளே இருக்கும். பெரிய கைக்காரர்களை எண்ணிச் செய்யப்பட்டவை அவை. நான் எடையை ஏற்றியபோது துளையையும் சேர்த்தே பெரிதாக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

என் கைக்கு அளவெடுத்துத் துளையிட்ட 12 பவுண்டுப் பந்து ஒன்று வாங்கினேன். பின்கள் ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான் என்பதால், அவற்றைச் சாய்க்க 12 பவுண்டு தாராளமாகப் போதும்.

நம் ஊருக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே எழுத வேண்டும். வெளியே வெயிலில் நடந்து அரங்குக்குள் வரும்போது விரல்கள் சற்று உப்பியிருக்கும். குளிர்சாதனத்தில் அரை மணி நேரம் இருந்தால் அவை சுருங்குகின்றன. முதல் ஆட்டத்தில் கச்சிதமாக இருந்த துளை இரண்டாம் ஆட்டத்தில் தளர்ந்துபோக, நான் மறுபடியும் இறுக்கத் தொடங்குவதைக் குறிப்பேட்டில் மூன்று வாரம் தொடர்ந்து கண்டேன். இதற்காகத்தான் துளையின் உள்ளே ஒட்டும் நாடாத் துண்டுகள் இருக்கின்றன. முதல் ஆட்டத்துக்கு இரண்டு துண்டுகள், இரண்டாம் ஆட்டத்துக்கு மூன்று என்று இப்போது வைத்துக்கொள்கிறேன். சிலருக்கு ஆட ஆடக் கட்டைவிரல் வீங்குவதுண்டு. அவர்கள் துண்டுகளைக் குறைக்க வேண்டியிருக்கும். அரங்குக்குள் நுழைந்தவுடன் ஆடத் தொடங்காமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் எனக்கு நன்றாக உதவியது.

பிடி தளர்ந்ததும் வீச்சையும் மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசிப் பொட்டலத்தைப் போட்டு, அதன் காதை விரல்களில் மாட்டிக்கொண்டு, கையைக் கடிகார ஊசல்போல் முன்னும் பின்னும் விட்டேன். பை தானாகவே போய்த் தானாகவே வரும்; தோளிலிருந்து கை தொங்குவதைத் தவிர நாம் செய்வதற்கு எதுவும் இல்லை. வேகம் சேர்க்கலாம் என்று நினைத்த நொடியில் முன்கை இறுகுவதை உணர முடியும். தினமும் இருபது முறை செய்ததில், உந்துவது கையின் வேலை அன்று, எடையின் வேலை என்பது உடலுக்குப் பழகியது.

எங்கள் நால்வரில் ஒருவருக்கு முழங்கை வலிக்கவில்லை. ஆனால் கட்டைவிரலின் உட்பக்கம் மரத்துப்போய், தொட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது. துளையின் விளிம்பு அங்கே ஓடும் நரம்பை மீண்டும் மீண்டும் அழுத்துவதால் வருவது அது. மரத்துப்போதல், பிடியில் வலு குறைதல், மூட்டு வீக்கம் ஆகியவை இருந்தால் என் பயிற்சிகளைப் பின்பற்றாமல் முதலில் மருத்துவரைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நண்பர் துளையின் விளிம்பை மழித்துச் சரிசெய்து, ஆறு வாரம் ஆடாமல் இருந்தார். மரப்பு இப்போது பெரிதும் குறைந்திருக்கிறது.

பன்னிரண்டாம் வாரம் இரண்டு ஆட்டம், பதினான்காம் வாரம் மூன்று ஆட்டம். வலி தொடங்கும் முன் ஓர் ஆட்டத்துக்கு என் சராசரிப் புள்ளி 128; பத்தாம் வாரத்தில் அது 117க்கு இறங்கியது; சென்ற சனிக்கிழமை 134. எண்ணிக்கையைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது பந்து இறங்கும் ஓசை. தொம்மென்ற சத்தம் போய், மரத்தில் உருளைக்கட்டை ஓடுவதுபோல் மெல்லத் தொடங்கி நீள்கிறது.

பதினாறாம் வார ஞாயிறு காலைக் குறிப்பு: கெட்டில் 0, கைகுலுக்கல் 0, துணி பிழிதல் 1. அந்த ஒன்று மறையும்வரை, எடையை மெதுவாக இறக்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள், இப்போது 3 கிலோவில், தொடர்ந்து செய்கிறேன். வரும் சனிக்கிழமை நாடாத் துண்டு ஒன்றை மாற்ற வேண்டும்; பழையது ஓரத்தில் உரியத் தொடங்கியிருக்கிறது.