எக்ஸ்எம்எல் ஆப்ஜெக்டாக மாறும்போது சத்தமில்லாமல் தொலைபவை

எக்ஸ்எம்எல்லை, அதாவது டேகுகளுக்கிடையே தரவை எழுதிய உரையை, ஆப்ஜெக்டாக மாற்றும் நிரல் கோடு பெரும்பாலும் நாலே வரிதான். அது எக்ஸெப்ஷன் போட்டு நின்றால் நல்லது, லாகைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். எக்ஸெப்ஷனே வராமல், ஆப்ஜெக்டும் ஒழுங்காகக் கிடைத்து, உள்ளே இரண்டு ஃபீல்டு மட்டும் நல் (null, மதிப்பே இல்லாத நிலை) ஆக இருந்தால்தான் தலைவலி. அந்த நல் டேட்டாபேசில் ஏறி, மூன்று மாதம் கழித்து யாரோ கணக்குப் பார்க்கும்போது வெளியே வரும். இந்தப் பதிவு அந்த வகைத் தவறுகளைப் பற்றியது. ஜாவாவில் இந்த மாற்றத்தைச் செய்யும் ஜாக்ஸ்பி (JAXB) நூலகத்தை முன்வைத்தே எழுதுகிறேன். மற்றவை இடையிடையே வரும்.

கையில் வைத்துப் பார்க்க ஒரு ஆவணம்:

<கொள்முதல் எண்="1042">
  <நாள்>2024-03-31</நாள்>
  <உருப்படிகள்>
    <உருப்படி>
      <பெயர்>திருகாணி</பெயர்>
      <அளவு>1200</அளவு>
      <விலை>85.50</விலை>
    </உருப்படி>
  </உருப்படிகள்>
  <குறிப்பு/>
</கொள்முதல்>

(டேக் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம். 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 அதை முதலிலிருந்தே அனுமதிக்கிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே கோட்பாயின்டாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பார்சருக்கு வேறு வேறு. திறக்கும் டேக் ஒருவிதமாகவும் மூடும் டேக் இன்னொரு விதமாகவும் இருந்தால் ஆவணம் செல்லாது.)

எதிர்முனையில் இருப்பவர் அளவை 1,200 என்று கமா போட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளாசில் அந்த ஃபீல்டு இன்ட். ஜாக்ஸ்பி எண்ணாக மாற்றப் பார்க்கிறது, முடியவில்லை, உள்ளுக்குள் ஒரு ஈவென்டை எழுப்புகிறது. அதைக் கவனிக்க நாம் ஈவென்ட் ஹேண்ட்லர் எதுவும் வைக்காததால் இயல்பாக உள்ள ஹேண்ட்லர் ‘பரவாயில்லை, மேலே போ’ என்கிறது. அளவு 0. ஆர்டர் பதிவாகிவிட்டது. அளவு என்ற டேகை யாராவது ‘எண்ணிக்கை’ என்று மாற்றினாலும் இதே கதைதான்: தெரியாத எலிமென்ட் தூக்கி எறியப்படும், அளவு 0 ஆகவே இருக்கும். ரூட் எலிமென்ட் பொருந்தாவிட்டால் மட்டும் கண்டிப்பாக எக்ஸெப்ஷன் வரும். அதற்குக் கீழே எல்லாம் தாராள மனசு.

அதனால் அன்மார்ஷலர் (எக்ஸ்எம்எல்லைப் படித்து ஆப்ஜெக்டாக்கும் பகுதி) உருவாக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிழை எதுவானாலும் ஃபால்ஸ் திருப்பும் ஒரு ஈவென்ட் ஹேண்ட்லரை வைப்பது. அப்போது முதல் தவறிலேயே மாற்றம் நிற்கும், வரி எண்ணும் கிடைக்கும்.

ஆனால் ஹேண்ட்லர் மட்டும் போதும் என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு காரணம். தெரியாத எலிமென்ட் வந்தால் அது சொல்லும். வரவேண்டியது வராமல் போனால் சொல்லாது. விலை டேகே இல்லாத உருப்படி அதன் பார்வையில் குறையற்றது. இரண்டாவது பலருக்குத் தெரியாதது: ஜாக்ஸ்பியின் மூல இம்ப்ளிமென்டேஷனில் இத்தகைய பிழைகளை அறிவிக்க ஒரு உள்வரம்பு இருக்கிறது. ஸ்டாட்டிக் கவுன்டர், 10-இல் தொடங்கும். பிழைகளைச் சேகரித்துக்கொண்டு தொடர்ந்து ஓடும் ஹேண்ட்லர் வைத்திருந்தால், வரம்பு தாண்டியதும் ஹேண்ட்லரையே கூப்பிடாது. ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மை மறுபடி தொடங்கும் வரை அப்படியே. டெஸ்ட் சர்வரில் வேலை செய்தது, புரொடக்ஷனில் காலையில் வேலை செய்தது, மதியம் செய்யவில்லை என்ற புகாரின் பின்னால் இது இருக்கலாம். லாகரை ஃபைனஸ்ட் நிலைக்கு இறக்கினால் வரம்பு நீங்கும், ஆனால் அதைப் புரொடக்ஷனில் யாரும் செய்யமாட்டார்கள்.

ஆக, ஆவணத்தில் எவை எப்படி வரவேண்டும் என்று சொல்லும் எக்ஸ்எஸ்டி (ஸ்கீமா) இருந்தால் அதை அன்மார்ஷலரிலேயே பொருத்திவிடுங்கள். ஸ்கீமா ஆப்ஜெக்ட் த்ரெட்-சேஃப் (பல த்ரெட்கள் ஒரே சமயத்தில் பயன்படுத்தினாலும் கெடாது). ஒருமுறை ஏற்றி எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம். எக்ஸ்எஸ்டி இல்லை என்றால் அரைநாள் உட்கார்ந்து எழுதுவது லாபம். ‘ஸ்கீமா சோதனை மெதுவாகும்’ என்ற வாதத்தை அளந்து பார்க்காமல் ஏற்காதீர்கள். மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலான சமயம் காரணம் வேறு: ஒவ்வொரு அழைப்புக்கும் ஜாக்ஸ்பி கான்டெக்ஸ்டைப் புதிதாக உருவாக்குவது. கான்டெக்ஸ்ட் கிளாஸ்களை எல்லாம் ரிஃப்ளெக்ஷனில் துருவி உருவாகிறது, செலவு அதிகம், ஆனால் த்ரெட்-சேஃப். அதை ஒன்றே ஒன்று வையுங்கள். மார்ஷலரும் (ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாக எழுதுவது) அன்மார்ஷலரும் த்ரெட்-சேஃப் இல்லை. அவற்றை அழைப்புக்கு ஒன்றாக உருவாக்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து வைத்திருப்பார்கள்.

நேம்ஸ்பேஸ் என்னும் பழைய வலி

ரூட் சரியாக வருகிறது, உள்ளே எல்லாமே நல். இப்படிப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், நேம்ஸ்பேஸ்தான் (எந்தத் தொகுதியைச் சேர்ந்த டேக் என்று காட்டும் பெயர்). கிளாசின் மேல் எழுதும் ரூட் எலிமென்ட் அனொடேஷனில் (குறிப்பில்) நேம்ஸ்பேஸைக் கொடுத்துவிட்டு, அது பிள்ளைகளுக்கும் பரவும் என்று நினைத்துவிடுகிறோம். பரவாது. ஆவணத்தில் இயல்பு நேம்ஸ்பேஸ் அறிவிப்பு எல்லாப் பிள்ளை எலிமென்ட்டுகளுக்கும் பொருந்தும். ஜாக்ஸ்பியோ பிள்ளைகள் நேம்ஸ்பேஸ் இல்லாமல் வரும் என்று எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு ஃபீல்டிலும் எழுதிக்கொண்டிராமல், பேக்கேஜ்-இன்ஃபோ ஃபைலில் எக்ஸ்எம்எல்-ஸ்கீமா அனொடேஷன் போட்டு, எலிமென்ட் ஃபார்ம் டிஃபால்ட்டை ‘குவாலிஃபைட்’ ஆக்குங்கள். அட்ரிபியூட்டுக்கு இது பொருந்தாது: முன்னொட்டு இல்லாத அட்ரிபியூட் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராது. அதனால் மேலே உள்ள ‘எண்’ மட்டும் எப்போதும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், குழப்பத்தைக் கூட்ட.

ஒப்பிடப்படுவது நேம்ஸ்பேஸ் சரம், எழுத்துக்கு எழுத்து. கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் வேறு நேம்ஸ்பேஸ். முன்னொட்டு என்ன என்பது முக்கியமே இல்லை. முன்னொட்டை வைத்து ஸ்ட்ரிங் தேடல் செய்யும் கோடைப் பார்த்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இல்லாதது, வெற்று, நல், சைபர்

குறிப்பு எலிமென்ட் காலியாக இருக்கிறது. ஸ்ட்ரிங் ஃபீல்டில் அது வெற்று ஸ்ட்ரிங், நல் அல்ல. டேகே இல்லையென்றால் நல். ‘எக்ஸ்எஸ்ஐ நில்’ (xsi:nil) என்ற அட்ரிபியூட் ட்ரூ என்று வந்தால் நல். இந்த மூன்றும் எதிர்முனைக்கு மூன்று பொருள் கொண்டவையாக இருக்கலாம், குறிப்பாகத் திருத்தம் அனுப்பும் சேவைகளில்: இல்லாதது என்றால் ‘தொடாதே’, நில் என்றால் ‘அழித்துவிடு’. சாதாரண ஃபீல்டில் படித்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதைக் காப்பாற்ற ஜாக்ஸ்பிஎலிமென்ட் வகையில் ஃபீல்டை அறிவிக்க வேண்டும். கோடு அசிங்கமாகும், வேறு வழியில்லை.

எண்களுக்கு இன்ட் வேண்டாம், இன்டீஜர் வையுங்கள். சைபர் வந்ததா, ஒன்றுமே வரவில்லையா என்பது இன்ட்டில் தெரியாது. லிஸ்டிலும் இதே நுணுக்கம்: ரேப்பர் (உருப்படிகளைச் சுற்றி வரும் வெளி டேக்) அனொடேஷன் போட்ட லிஸ்ட் நல் என்றால் ‘உருப்படிகள்’ டேகே எழுதப்படாது, காலி லிஸ்ட் என்றால் காலி டேக் எழுதப்படும்.

ஜாக்ஸ்பிக்குப் பதில் ஜாக்சன் நூலகத்தைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. தெரியாத எலிமென்ட் வந்தால் ஜாக்சன் 2 இயல்பாகவே கத்தும். (வந்த முதல் நாளே அதை அணைத்துவிடுவது நம் வழக்கம். அணைக்காதீர்கள்.) அது லிஸ்டுக்கு எப்போதும் ரேப்பர் இருக்கும் என்று எண்ணும்; ரேப்பர் இல்லாத ஆவணத்துக்கு ‘யூஸ் ரேப்பிங்’கை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். 2.12-க்கு முந்தைய பதிப்பில் கிளாஸ் இல்லாமல் ஜேசன்நோட் என்ற பொது மர வடிவமாகப் படித்தால் ஒரே பெயரில் வரும் பல எலிமென்ட்டுகளில் கடைசி ஒன்றுதான் மிஞ்சும்.

நாளும் விலையும்

எக்ஸ்எஸ்டியின் டேட் வகையில் நேரமண்டலம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 2024-03-31 என்பதைக் காலண்டராக மாற்றினால் சர்வரின் மண்டலத்தில் நள்ளிரவு ஆகிறது. +02:00 சர்வரில் இருந்து அதை யூடிசிக்குக் கொண்டுபோனால் 30-ஆம் தேதி இரவு 10 மணி. தேதியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் குறைந்துவிட்டது, அதுவே ஏப்ரல் 1 ஆக இருந்தால் மாதக் கணக்கும் நிதியாண்டுக் கணக்கும் அதோடு போயிற்று. லோக்கல்டேட் வகைக்கு எக்ஸ்எம்எல்-அடாப்டர் எழுதிவிடுங்கள். எழுதும்போது வெறும் பார்ஸ் மெத்தடைக் கூப்பிட்டால் பின்னால் மண்டலத்தோடு வரும் தேதியில் உடையும். ‘ஐஎஸ்ஓ டேட்’ ஃபார்மேட்டரைக் கொடுத்தால் இரண்டையும் ஏற்கும்.

விலைக்கு டபுள் வேண்டாம், பிக்டெசிமல் என்பது எல்லாரும் அறிந்ததே. அடாப்டரில் டூஸ்ட்ரிங் போட்டு எழுதுவதுதான் பொறி. 100000-இல் பின் சைபர்களை நீக்கிய பிக்டெசிமலை டூஸ்ட்ரிங் ‘1இ+5’ என்ற அடுக்குக்குறி வடிவில் தரும். எக்ஸ்எஸ்டியின் டெசிமல் வகை அடுக்குக்குறியை ஏற்காது. டூப்ளெய்ன்ஸ்ட்ரிங் போடுங்கள்.

எழுத்துகளில் இன்னொன்று: எக்ஸ்எம்எல் 1.0-இல் டேப், லைன்ஃபீட், கேரேஜ் ரிட்டர்ன் தவிர 32-க்குக் கீழ் உள்ள கட்டுப்பாட்டு எழுத்து எதுவும் கூடாது, எண் குறியீடாக எழுதினாலும் கூடாது. யாரோ வேறு செயலியிலிருந்து குறிப்புப் பெட்டியில் ஒட்டிய செங்குத்து டேப் ஒன்று டேட்டாபேசில் உட்கார்ந்திருக்கும். எழுதும் முனை கவனிக்காமல் எழுதிவிடும், படிக்கும் முனைதான் உடையும். சுத்தம் செய்யும் இடம் எழுதும் முனை.

ஜாவா 11-க்குப் பின்

ஜாவா 6-இலிருந்து கூடவே வந்த ஜாக்ஸ்பி, 2018-இல் ஜாவா 11-இல் நீக்கப்பட்டது. இப்போது ஏபிஐ, இம்ப்ளிமென்டேஷன் என இரண்டு டிபென்டென்சி தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். முதலாவதை மட்டும் சேர்த்தால் ஓடும்போது இம்ப்ளிமென்டேஷன் கிடைக்கவில்லை என்று நிற்கும். அது நேர்மையான பிழை. 3.0-இல் பேக்கேஜ் பெயர் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறியதுதான் நைச்சியமானது. கிளாஸ்கள் பழைய அனொடேஷனோடும் கான்டெக்ஸ்ட் புதியதாகவும் இருந்தால், அந்த அனொடேஷன்கள் புதிய ரன்டைமுக்குக் கண்ணிலேயே படாது. ‘ரூட் எலிமென்ட் அனொடேஷன் இல்லை’ என்று சொல்லும். நீங்களோ அனொடேஷனை நேரில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இம்போர்ட் வரியைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் இரண்டு பொறிகள். டேட்டாகான்ட்ராக்ட்சீரியலைசர் இயல்பாக எலிமென்ட்டுகளை அகரவரிசையில் எதிர்பார்க்கும். வரிசை மாறி வந்தது நல் (null) ஆகிவிடும், பேச்சில்லை. ஆர்டர் எண்ணை வெளிப்படையாகக் கொடுங்கள். எக்ஸ்எம்எல்சீரியலைசரோ, டைப் மட்டும் அல்லது டைப்போடு நேம்ஸ்பேஸ் வாங்கும் கன்ஸ்ட்ரக்டரில் மட்டுமே தான் உண்டாக்கிய அசெம்பிளியைத் தேக்கி வைக்கும். ரூட் அட்ரிபியூட் கொடுக்கும் கன்ஸ்ட்ரக்டரை அழைப்புதோறும் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் புது அசெம்பிளி, இறக்கப்படவே மாட்டாது. மெமரி ஏறிக்கொண்டே போகும். நீங்களே ஒரு டிக்ஷனரியில் தேக்கி வையுங்கள்.

பெரிய ஃபைல்

ஜிபி கணக்கில் வரும் ஃபைலை மொத்தமாக ஆப்ஜெக்டாக்க முடியாது. ஆவணத்தைத் துண்டு துண்டாகப் படிக்கும் ஸ்டாக்ஸ் ரீடரால் நகர்ந்துபோய், ஒவ்வொரு ‘உருப்படி’ தொடக்கத்திலும் அன்மார்ஷலரிடம் ரீடரையும் கிளாஸையும் கொடுத்து அந்தத் துண்டை மட்டும் மாற்ற வேண்டும். இதில் ஒரு அருமையான பிழை ஒளிந்திருக்கிறது. அன்மார்ஷலர் திரும்பி வரும்போது ரீடர் மூடும் டேகைத் தாண்டி அடுத்த டோக்கனில் நிற்கும். லூப்பின் தலையில் நெக்ஸ்ட் என்று மறுபடி கூப்பிட்டால் அந்த டோக்கன் போய்விடும். வரி பிரித்து அழகாக எழுதிய ஃபைலில் போவது வெறும் வெற்றிடம்; எல்லாம் சரியாகத் தெரியும். வெற்றிடம் நீக்கி அனுப்பிய ஃபைலில் போவது அடுத்த உருப்படியின் திறக்கும் டேக்: ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போகும். அன்மார்ஷல் செய்த சுற்றில் நெக்ஸ்ட் கூப்பிடாதீர்கள். டெஸ்ட்டுக்கு இரண்டு வடிவ ஃபைலையும் வையுங்கள்.

ரீடரை உருவாக்கும்போதே டிடிடி (விதிகளையும் என்டிட்டி என்னும் சுருக்கப் பெயர்களையும் அறிவிக்கும் பகுதி) ஆதரவையும் வெளி என்டிட்டி ஆதரவையும் அணைத்துவிடுங்கள். வெளி என்டிட்டி வழியாகச் சர்வரின் ஃபைலைப் படிக்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாய்ப் பத்துப் பத்தாகப் பெருகும் என்டிட்டிகளால் ஒரு கிலோபைட்டுக்கும் குறைந்த ஆவணம் சுமார் 3 ஜிபியாக விரியும். எக்ஸ்ட்ரீம் (XStream) நூலகத்தைப் பயன்படுத்தினால் 1.4.18-க்குக் கீழே இருக்காதீர்கள். எந்தக் கிளாஸை உருவாக்கலாம் என்ற அனுமதிப் பட்டியலை அந்தப் பதிப்பிலிருந்துதான் அது இயல்பாக்கியது.

டெஸ்ட் எழுதும்போது ஆப்ஜெக்டை எழுதி, மறுபடி படித்து, இரண்டும் சமம் என்று பார்ப்பது வழக்கம். நேம்ஸ்பேஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தவறாக இருந்தால் அந்த டெஸ்ட் பச்சைதான். திசையை மாற்றுங்கள்: எதிர்முனை அனுப்பிய நிஜ ஆவணத்தைப் படித்து, ஆப்ஜெக்டாக்கி, திரும்ப எக்ஸ்எம்எல் ஆக்கி, எக்ஸ்எம்எல்யூனிட் என்ற ஒப்பீட்டு நூலகம் கொண்டு மூலத்தோடு ஒப்பிடுங்கள். டேகுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் புறக்கணிக்கச் சொல்லலாம், எலிமென்ட் வரிசையைப் புறக்கணிக்க வேண்டாம். கிளாசில் இடமில்லாமல் விழுந்த ஒவ்வொரு டேகும் அந்த வேறுபாட்டுப் பட்டியலில் பெயரோடு நிற்கும்.