கேம் பாயில் 140 பீட் கிடைக்க என்ன பாடு

நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுப் பெட்டியான கேம் பாய்க்கு ஒரு சின்ன மியூசிக் டிராக்கர், அதாவது நோட்டுகளை வரிவரியாக அடுக்கி இசை செய்யும் மென்பொருள், எழுதிக்கொண்டிருக்கிறேன். 1989ல் வந்தது, 4.19 மெகாஹெர்ட்ஸ், 8 கேபி ரேம், அந்த ஆதிகாலப் பெட்டியேதான். சத்தம் வரவைப்பது இதில் பெரிய வேலையே இல்லை. இரண்டு பல்ஸ் சேனல் (சதுர அலை), ஒரு வேவ் (நாமே வரையும் அலை), ஒரு நாய்ஸ் (இரைச்சல்), சிப்பின் கட்டுப்பாட்டு இடங்களான ரெஜிஸ்டர்களில் நாலைந்தில் எழுதினால் கத்த ஆரம்பித்துவிடும். தலைவலி முழுக்கத் தாளத்தில்தான்.

திரை நொடிக்குச் சுமார் 59.7 முறை புதுப்பிக்கப்படுகிறது, ஒவ்வொரு முறையும் வரைந்து முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு சின்ன இடைவெளி (விபிளாங்க்), அப்போது செய்யும் வேலையை நிறுத்தி இதைக் கவனி என்று ஒரு இன்டரப்ட் வருகிறது, சும்மா கிடைக்கும் கடிகாரம் என்று யாருக்கும் முதலில் அதில்தான் கை போகும். இப்படி ஒரு இன்டரப்ட் ஒரு டிக், டிராக்கரின் ஒரு வரி ஒரு ஸ்டெப்; ஸ்டெப்புக்கு 6 டிக், பீட்டுக்கு 4 ஸ்டெப் என்றால் நிமிடத்துக்கு 149 பீட். கொஞ்சம் குறைக்கலாமே என்று 7 டிக் வைத்தால் நேராக 128ல் போய் விழும். நடுவில் 140 கேட்டால் கிடையாது! 6, 7 என்று மாற்றி மாற்றி வைக்கலாம், எல்எஸ்டிஜே என்ற கேம் பாய் டிராக்கரில் குரூவ் என்று இருப்பது இதுதான், ஆனால் அதில் லேசாக ஒரு நொண்டல் வரும். சில டியூனுக்கு அதுவே அழகு, எல்லாவற்றுக்கும் இல்லை.

அதனால் திரையோடு ஒட்டாமல் சிப்பில் தனியாக ஓடும் டைமருக்கு மாறினேன். 4096 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு 73 எண்ணிக்கைக்கு ஒருமுறை இன்டரப்ட் அடிக்க வைத்தால் நொடிக்கு 56.1 டிக், அதாவது 140.3 பீட். போதும்.

ஆனால் இப்போது டைமரும் திரையும் ஆளுக்கொரு திசை. விபிளாங்கில் திரைக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது டைமர் அடித்தால் யார் காத்திருப்பது? என்னைக் கேட்டால் திரைதான். விபிளாங்க் ரொட்டீன் தொடங்கியதுமே மற்ற இன்டரப்டும் நடுவில் வரட்டும் என்று திறந்துவிடுகிறேன், இசை புகுந்து போகும். அந்த இழுபறியில் திரைக்கான நேரம் தாண்டிவிட்டால் விராமில் (திரைக்கான நினைவகத்தில்) எழுதுவது பதிவாகாமலே போகும் என்பதால், ஒரு ஃபிரேமுக்கு ஓரிரு வரிகள் மட்டும் வரைகிறேன். கர்சர் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும், பரவாயில்லை.

அப்புறம் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்கள். பல்ஸ் சேனல் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. வேவ் சேனல் 32 வரை போகும், அதனால் பேஸை அங்கேதான் தள்ள வேண்டும், பதிவுசெய்த டிரம் ஒலிக்கு (சாம்பிள்) அந்தச் சேனலை வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை அதோடு காலி. கிக் டிரம்மை நாய்ஸிலேயே ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.